மில்லுக் கணக்குக்கும் ஒன்லைன் கணக்குக்கும் நடுவே ஒரு பாதை

மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் றோட்டு மட்டும் இல்லை. எழுவான்கரையில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறக்கிவிடும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். அதற்காக இந்தக் கரையையும் யாரும் வெட்டுவதில்லை, அந்தக் கரையையும் வெட்டுவதில்லை. மிடில்வெயார் என்று சொல்லப்படும் இடைநிலை மென்பொருள் செய்வதும் இதே வேலைதான். ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு கணினி முறைகளை அப்படியே இருக்கவிட்டு, நடுவில் நின்று ஒன்றின் தகவலை மற்றதுக்கு விளங்கும் விதமாக மாற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் 1968இல் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டின் அறிக்கையிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது.

பெயர் தெரியாமலே நாம் இதைப் பாவிக்கிறோம். ஒரு வங்கியின் அட்டையைக் கொண்டுபோய் இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் காசு எடுக்கிறோமே, அங்கே நடுவில் நிற்பது லங்காபேயின் பொது ஏடிஎம் இணைப்பு. ஒவ்வொரு வங்கியின் உள் மென்பொருளும் வேறு வேறு. ஆனால் நடுவில் போய்வரும் செய்திக்கு ஒரு பொது வடிவம் இருக்கிறது. இந்த இடைநிலை மென்பொருளையே தொழிலாகச் செய்து உலகம் முழுக்க விற்கும் ஒரு கம்பெனி, டபிள்யூஎஸ்ஓ2, 2005இல் இலங்கையில்தான் தொடங்கியது.

சரி, அது பெரிய இடத்துக் கதை. நீங்கள் உயர்தரம் முடித்து, கொஞ்சம் பைதன் என்ற நிரல் மொழி பழகி, ஊரில் கணினி தெரிந்த பிள்ளை என்று பெயர் எடுத்திருப்பீர்கள். ஒருநாள் யாராவது வந்து, “மனே, இந்த ரெண்டு சிஸ்டத்தையும் ஒண்டாக்கித் தரேலுமா?” என்று கேட்பார். அன்றைக்குச் செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு அரிசி மில்லை எடுத்துக்கொள்வோம். சம்மாந்துறைப் பக்கம் என்று வையுங்கள். அங்கே நெல் கொள்வனவுக்கு ஃபொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய பழைய புரோகிராம் ஒன்று ஓடுகிறது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். கல்முனைக் கடையில் முதலாளியின் மகன் மாதக் கட்டணம் கட்டி ஒரு ஒன்லைன் கணக்கு மென்பொருள் எடுத்திருக்கிறார். பகலில் மில்லில் நெல் வாங்கிப் போட்ட துண்டுச்சீட்டுகளை இரவில் ஒரு பையன் இருந்து ஒன்லைனில் மறுபடி தட்டுகிறான். அந்த இரவு வேலையை இல்லாமல் செய்வதுதான் நமக்குத் தந்த வேலை.

கை வைக்க முதல் பாருங்கள்

முதல் இரண்டு நாளுக்கு ஒரு வரி கூட எழுத வேண்டாம். கிளாக்கர் ஐயாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். ஒரு லொறி வந்து எடைமேடையில் ஏறியதிலிருந்து விவசாயி கையில் காசு வாங்கும் வரைக்கும் எந்தக் கட்டத்தில் யார் எதைத் தட்டுகிறார், எதைத் தட்டாமல் விடுகிறார், எதைக் கொப்பியில் மட்டும் எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதத்துக்குக் கழிக்கும் கிலோவைப் பழைய புரோகிராமில் போட இடமே இருக்காது. ஐயா அதை ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் தன் பாணியில் எழுதி வைத்திருப்பார். இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், பார்த்தால்தான் தெரியும்.

பழைய புரோகிராமைத் திருத்தப் போகாதீர்கள். ஃபொக்ஸ்புரோவுக்கு மைக்ரோசொஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அது ஓடும் வரைக்கும் ஓடட்டும். அதன் தரவு டிபிஎஃப் கோப்புகளில் கிடக்கும். மில் வேலை நடக்கும் நேரம் அந்தக் கோப்பை நேரே திறக்காமல், ஒரு பிரதி எடுத்து, பிரதியைப் படியுங்கள். நாம் படிக்க மட்டும்தான் வந்திருக்கிறோம்.

டிபிஎஃப்பில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. பழைய புரோகிராமில் ஒரு துண்டை அழித்தால் அது உண்மையில் போய்விடாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஓர் எழுத்து இருக்கும். அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது, உடுக்குறியாக (*) இருந்தால் அழிக்கப்பட்டது என்று அர்த்தம். கோப்பைச் சுருக்கும் கட்டளை கொடுக்கும்வரை அது அங்கேயேதான் கிடக்கும். இதைக் கவனிக்காமல் நீங்களே ஒரு வாசிப்பான் எழுதினால், போன போகத்தில் பிழையாகப் போட்டு அழித்த துண்டெல்லாம் உயிர்த்தெழுந்து ஒன்லைன் கணக்குக்குப் போய்ச் சேரும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரு அகராதி

இதுதான் உண்மையான வேலை. ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் மில் புரோகிராமின் ஒவ்வொரு கட்டமும், வலப்பக்கம் ஒன்லைன் மென்பொருளின் ஒவ்வொரு கட்டமும். கோடு போட்டு இணைத்துக்கொண்டு வந்தால் பாதி நேரே பொருந்தும். மற்றப் பாதி ஒரே சொல்லாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும்.

முதலில் அளவை. மில்லில் கணக்கு புசலில். ஒன்லைனில் கிலோவில். ஒரு புசல் நெல் 46 றாத்தல், அதாவது ஏறத்தாழ 20.865 கிலோ. சில இடத்தில் கைக்கணக்குக்கு 21 என்று எடுப்பார்கள். ஒரு லொறியில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. 1000 புசலில் அது 135 கிலோ. எது சரி என்று தீர்மானிப்பது உங்கள் வேலையில்லை. இந்த மில்லில் எதை எடுக்கிறார்கள் என்று முதலாளியிடம் கேட்டு, அந்த எண்ணை ஒரே ஒரு இடத்தில், அமைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். வற் வரி 2024 ஜனவரி 1இல் 15 வீதத்திலிருந்து 18 வீதமானபோது, புரோகிராமுக்குள் பதினைந்து இடத்தில் 15 என்று எழுதி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே விவசாயி போன வருடம் பழைய அட்டையோடு வந்திருப்பார், இந்த வருடம் புதியதோடு வருவார். கணினிக்கு அவர் இரண்டு பேர். மாற்றுவது லேசு. முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேருங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு அட்டைக்கும் இனி ஒரே இலக்கம்.

அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதியும் இருக்கிறது. பழைய அட்டையின் முதல் இரண்டும் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இங்கே ஒரு சூட்சுமம். இந்த நாள் எண்ணிக்கையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியில் 29 நாள் என்றே கணக்கு. அதனால் 71061 என்று தொடங்கினால் ஆள் பிறந்தது 1971 மார்ச் 1. பைதனிடம் ‘1971இன் 61ஆம் நாள் எது’ என்று கேட்டால் அது மார்ச் 2 என்று சொல்லும். அது சாதாரண வருடமாச்சே. நெட்டாண்டு இல்லாத வருடங்களில் மார்ச் 1இலும் அதற்குப் பிறகும் பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு நாள் பிசகும். மில்லுக்குப் பிறந்த நாள் எதற்கு என்று கேட்கலாம். ஒன்லைன் மென்பொருள் கட்டாயம் என்று கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால் அனுப்பாதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. தேவைக்கு மேல் ஆட்களின் விவரத்தைச் சேர்த்து வைக்காமல் இருப்பது எல்லோருக்கும் நிம்மதி.

தொலைபேசி இலக்கம் சின்ன விசயம். மட்டக்களப்பின் 065, கல்முனையின் 067, அம்பாறையின் 063 எல்லாம் பூச்சியத்தில் தொடங்குபவை. எக்செல் அதை எண் என்று நினைத்து முன் பூச்சியத்தைத் தின்றுவிடும். எழுத்தாகவே வைத்திருங்கள், அவ்வளவுதான்.

பாமினி

இதுக்குத் தனித் தலைப்பே கொடுக்கலாம். இலங்கையில் பழைய தமிழ்த் தரவு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான். திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகள். ‘ம’ இருக்கும் இடத்தில் சின்ன கே, ‘ட’ இருக்கும் இடத்தில் சின்ன எல், மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி. மட்டக்களப்பு என்ற சொல்லை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கே, எல், அரைப்புள்ளி, எல் என்று தொடங்கிக் கிறுக்கலாக ஓடும். ஒன்லைன் மென்பொருளுக்கு எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்தான் தெரியும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குவோம். கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள், கதை கந்தலாகும். பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும். முதலில் க, பிறகு ஒகரக் குறி. இந்த ஒரு சொல்லிலேயே ‘கொ’, ‘சோ’, ‘லை’ என்று மூன்று இடத்தில் வரிசை புரளவேண்டும். ஆகவே மாற்று அட்டவணையில் நீளமான கூட்டுகளை முதலில் மாற்றுங்கள், தனி எழுத்துகளைக் கடைசியில். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வகை முடிந்த பிறகே ‘கெ’, ‘கே’, ‘கை’, அதற்குப் பிறகே வெறும் க.

இன்னும் ஒன்று. யூனிகோட்டில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தல் இருக்கிறது. பெயர்கள் எல்லாவற்றையும் அதற்குள் ஒருதரம் விட்டு எடுங்கள்.

அப்புறம், அதே பெயர்க் கட்டத்தில் சிலருடைய பெயரை ஆங்கிலத்திலேயே தட்டியிருப்பார்கள். அதையும் பாமினி என்று நினைத்து மாற்றினால் பெரிய கே என்ற முதலெழுத்து ‘மு’ ஆகிவிடும். சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி வருகிறதா என்று பார்ப்பது நல்ல அடையாளம், ஆனால் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சந்தேகமானதை மாற்றாமல் தனிப் பட்டியலில் போட்டு கிளாக்கர் ஐயாவிடம் கொடுங்கள். அவருக்கு ஆளையே தெரியும். நான் இரண்டு கிழமை மினக்கெட்டு எழுதிய புத்திசாலித்தனமான சோதனையை விட, அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேனையால் திருத்திய பட்டியல் சரியாக இருந்தது.

எடைமேடையின் பேச்சு

சில மில்லில் எடைமேடையையும் சேர்க்கச் சொல்வார்கள். அதன் காட்டியில் பின்பக்கம் ஒரு சீரியல் துவாரம் இருக்கும். கேபிளைப் போட்டால் நொடிக்குப் பல வரிகள் எழுத்தாகக் கொட்டும். பல காட்டிகளில் வரியின் தொடக்கத்திலேயே எடை நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா என்று ஒரு குறி வரும். நிலைக்குறி உள்ள வரியை மட்டும் எடுங்கள். லொறி பிரேக் பிடிக்கும்போது ஆடும் எடையை எடுத்தால் சண்டைதான் வரும். வேகம், குறி எல்லாம் காட்டிக்குக் காட்டி வேறுபடும் என்பதால் அதன் கைநூலைத் தேடி எடுங்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பது

மறுகரையில் ஒன்லைன் மென்பொருளுக்கு ஏபிஐ என்ற வாசல் இருக்கும். ஜேசன் வடிவத்தில் தகவலை அனுப்பினால் வாங்கிக்கொள்ளும். அனுப்பும் நிரல் இருபது வரிகூட வராது. ஆனால் மில்லில் கரண்ட் போகும், இணைய இணைப்பு அறும், சூடடிப்புக் காலத்தில் லொறி வரிசை மட்டும் நிற்காது. அதனால் எடுப்பதையும் அனுப்புவதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு வரிசை வையுங்கள்.

அதற்கு எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை போதும். துண்டின் அடையாளம், அனுப்பவேண்டிய தகவல், நிலை, எத்தனை தரம் முயன்றது, கடைசியாக வந்த பதில். ஒரு நிரல் டிபிஎஃப்பைப் படித்து, மாற்றி, இதில் போட்டுவிட்டுப் போகும். இன்னொரு நிரல் இதிலிருந்து எடுத்து அனுப்பும். இணைப்பு இல்லையென்றால் ஒரு நிமிடம் கழித்து முயலட்டும், பிறகு இரண்டு, நாலு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகட்டும், இடைவெளி ஒரு மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். மறுகரை ஒவ்வொரு தரமும் ஒரு எண்ணைப் பதிலாகத் தரும். அது 500, 503 மாதிரி 500 வரிசைப் பிழையாக வந்தால் கோளாறு அவர்கள் பக்கம், திரும்ப முயலலாம். 400 வரிசைப் பிழை வந்தால் பெரும்பாலும் நம்முடைய தகவலில்தான் கோளாறு. அதையே நூறுதரம் அனுப்பினாலும் அதே பதில்தான். அந்தத் துண்டை ஒதுக்கி வைத்து ஆளுக்குக் காட்டுங்கள். 429 ஒரு விதிவிலக்கு. ‘மெதுவாக வா’ என்பதுதான் அதன் அர்த்தம்.

இனி என் கையால் நடந்த ஒரு பிழை. வேறொரு மில்லில் முதன்முதல் இப்படி ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது. என் நிரல் போகவில்லை என்று நினைத்து இன்னொருதரம் அனுப்பியது. ஒரு விவசாயியின் கணக்கில் ஒரே நெல்லுக்கு இரண்டு தொகை. அவர் நல்ல மனுசர். “தம்பி, எனக்கு இவ்வளவு வராதே” என்று அவரே வந்து சொன்னார். எத்தனை பேர் வந்து சொல்லவில்லை என்று தேட எனக்கு மூன்று இரவு எடுத்தது.

மருந்து லேசானது. ஒவ்வொரு துண்டுக்கும் மாறாத ஒரு அடையாளம் கொடுத்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள். சில ஏபிஐகள் அதே அடையாளம் இரண்டாம் தரம் வந்தால் தாமே தள்ளிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் ‘மேற்கோள் இலக்கம்’ மாதிரியான கட்டத்தில் அதைப் போட்டு, மறுபடி அனுப்புமுன் ‘இது ஏற்கனவே இருக்கிறதா’ என்று கேளுங்கள். துண்டு இலக்கத்தை மட்டும் அடையாளமாக எடுக்காதீர்கள். போகம் மாறினால் அது திரும்ப 1இலிருந்து தொடங்கும். மில், வருடம், போகம், துண்டு இலக்கம் நாலும் சேரவேண்டும்.

நேரத்தையும் ஒருக்கா பாருங்கள். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அறுவடைக் காலத்தில் விடிய 4 மணிக்கு எடைபோட்ட லொறி, பொது நேரத்தில் முதல்நாள் இரவு 10.30. பொது நேரத்தை எந்த நேர வலயம் என்று சொல்லாமல் அனுப்பினால் அதிகாலை லொறியெல்லாம் நேற்றைய கணக்கில் ஏறிவிடும், மாதக் கடைசியில் போன மாதத்திலேயே ஏறிவிடும். நேரத்தோடு +05:30 என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

எந்தக் கருவியில் செய்வது என்று கேட்பீர்கள். செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் றபிட்எம்கியூ, காஃப்கா என்று பெரிய பெயர்கள் காதில் விழும். ஒரு மில்லுக்கும் ஒரு கடைக்கும் அவை தேவையில்லை. பைதனும் எஸ்கியூலைட்டும் காணும். நிரல் எழுதப் பயமென்றால் நோட்-றெட் எடுத்துப் பெட்டிகளைக் கோட்டால் இணைத்துப் பழகலாம். ஐந்து ஆறு முறைகள் சேரும் நாளில் பெரியவற்றை யோசிக்கலாம். ஐந்தை ஒன்றோடொன்று நேரே இணைக்கப் போனால் பத்து இணைப்பு வரும், நடுவில் ஒரு பொது வடிவம் வைத்தால் ஐந்தோடு முடியும்.

ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது

முதலில் ஒரே ஒரு துண்டை அனுப்பி இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரு நாளையது. பிறகு, இரவில் தட்டும் பையனை உடனே நிறுத்தாமல், இரண்டையும் சமாந்தரமாக ஓடவிடுங்கள். அவன் ஒரு சோதனைக் கணக்கில் தட்டட்டும், உங்கள் நிரல் அசலில் போடட்டும். ஒவ்வொரு நாளும் மொத்தப் புசல், மொத்த ரூபாய், துண்டுகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துவரவேண்டும். எண்ணிக்கை ஒத்து ரூபாய் ஒத்துவராவிட்டால் மாற்றத்தில் பிழை. எண்ணிக்கையே ஒத்துவராவிட்டால் வரிசையில் பிழை. ஒரு கிழமை தொடர்ந்து ஒத்தால் சரி. முடிந்தால் இதைச் சிறுபோகத்தில் தொடங்குங்கள், பெரும்போக அறுவடைக்குள் கொண்டுபோய்த் தொடங்கினால் உங்கள் போனை அணைத்துவைக்கத்தான் தோன்றும்.

நாளாந்தம் ஒரு சின்ன அறிக்கை முதலாளியின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ போகவேண்டும். எத்தனை போனது, எத்தனை வரிசையில் நிற்கிறது, எத்தனை ஒதுக்கப்பட்டது. ஒன்றும் நடக்காத நாளிலும் அது போகவேண்டும். அறிக்கை வராத நாளில்தான் நிரல் செத்துக் கிடக்கிறது என்று அவர்களுக்கு விளங்கும். கடைசியாக ஒரு தாளில் மூன்று விசயம் எழுதி, லமினேட் பண்ணி, மில் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். நிரலை நிறுத்துவது எப்படி, திரும்பத் தொடங்குவது எப்படி, ஒதுக்கிய துண்டுகளின் பட்டியல் எந்த அடைவில் இருக்கிறது. உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதத் தேவையில்லை, அது கிளாக்கர் ஐயாவிடம் ஏற்கனவே இருக்கும்.